காட்டு மரமும் காகிதக் கூழும்: எச். ஆர். மாக்மில்லனின் உத்தியோக வரலாறு

மரமும் ஒரு பயிரே என்பதை வாயளவில் ஒப்புக்கொள்ளாதவர் எவருமில்லை. ஆனால் நெல்லை விதைத்தவன் நான்கு மாதத்தில் அறுக்கிறான். தென்னையை வைத்தவன் ஏழெட்டு வருஷத்தில் காய் பறிக்கிறான். சவுக்கு நட்டவன் நான்கைந்து வருஷத்தில் வெட்டி விற்கிறான். கானடா தேசத்தின் மேற்குக் கரையில் வளரும் டக்ளஸ் பர் என்னும் ஊசியிலை மரமோ, நட்டுவைத்தால் வெட்டுக்கு வர அறுபது முதல் எண்பது வருஷம் பிடிக்கும். விதைத்தவன் அறுக்கமாட்டான், அவன் மகனும் அறுப்பது ஐயம். இத்தகைய பயிரை யார் காப்பது, சர்க்காரா, பெரிய கம்பெனிகளா, சிறு முதலுடைய ஜனங்களா என்ற கேள்வி அந்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் வழக்கு. அவ்வழக்கில் மூன்று பக்கத்திலும் நின்று பார்த்தவர் ஒருவர் உண்டு. விவசாயக் கல்லூரியில் பயின்று, காட்டிலாகாத் தலைவராகி, பின்பு தமக்கென்று ஒரு மரமுமில்லாத மர வியாபாரியாகி, முடிவில் மர ஆலைகளுக்கும் கூழாலைகளுக்கும் பெருமுதலாளியான ஹார்வி ரெஜினால்டு மாக்மில்லனே அவர்.

இளமையும் கல்வியும்

மாக்மில்லன் 1885-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி ஆண்டேரியோ மாகாணத்தில் நியூமார்க்கெட் என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தார். தாயார் பிறர் வீட்டு வேலை பார்த்துப் பொருளீட்ட, பிள்ளை பாட்டனாருடைய பண்ணையில் வளர்ந்தது. ஆதலால் மாடு, வைக்கோல், பனிக்காலத்து விறகு ஆகியவற்றின் நடுவிலேயே அவருடைய பாலியம் கழிந்தது. படிப்பில் சூட்டிகையாக இருந்தமையால் குவெல்ஃப் நகரத்து ஆண்டேரியோ விவசாயக் கல்லூரியில் சேர்ந்து, 1906-ல் விவசாயப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அக்கல்லூரியில் மரக்கன்று நாற்றங்கால்களும் பரிசோதனைத் தோப்புகளும் இருந்தன. தெற்கு ஆண்டேரியோவில் காட்டை அழித்து உழுத நிலங்களிற் பல, சில தலைமுறைக்குள்ளேயே வெறும் மணற்காடாகிப் போயிருந்தன. அவற்றில் மீண்டும் மரம் வளர்ப்பது எப்படி என்பது அக்கல்லூரியாரின் கவலை. செலவுக்குப் பணம் வேண்டி அத்தோப்புகளில் வேலை செய்த மாணவர்களில் மாக்மில்லனும் ஒருவர். உழவுக் கல்வியிலிருந்து வனக் கல்விக்கு அவர் மாறியது இவ்வழியாகத்தான்.

பட்டம் பெற்றபின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள யேல் சர்வகலாசாலையின் வனக்கல்விச் சாலையிற் சேர்ந்து 1908-ல் மேற்பட்டம் பெற்றார். அச்சாலை 1900-ல் கிஃபர்டு பின்ஷோ என்பாரின் குடும்பத்தார் அளித்த நிதியால் ஏற்பட்டது. பின்ஷோவுக்கு வன நிர்வாகம் கற்பித்து, கடிதங்கள் வாயிலாகப் பல வருஷம் யோசனை சொல்லிவந்தவர், இந்திய சர்க்காரின் முதல் காட்டிலாகாத் தலைவராக 1864-ல் நியமனம் பெற்ற டீட்ரிக் பிராண்டிஸ். சென்னை மாகாணத்துக்கு வந்திருந்து, 1882-ம் வருஷத்துச் சென்னை வனச்சட்டத்துக்கும் மாகாணக் காட்டிலாகாவின் அமைப்புக்கும் வழி சொன்னவரும் அவரே. பர்மாவின் தேக்குக் காட்டிலும் தென்னிந்திய மலைகளிலும் பயின்ற பாடம் கடல் கடந்து கானடாவிலும் பயன்பட்டது என்பது இந்நாட்டில் பலர் அறியாத செய்தி.

நோயும் நியமனமும்

படிப்பு முடிந்ததும் கானடா மத்திய சர்க்காரின் வன இலாகாவில் உதவி இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. மேற்குப் பிரதேசத்து மலைக்காடுகளை அளந்து எல்லை குறிக்கும் வேலையில் குளிரிலும் ஈரத்திலும் அலைந்தவரை அந்த வருஷத்திலேயே காசநோய் பற்றியது. அதற்கு அந்நாளில் மருந்தில்லை; சுத்தமான காற்றும், நல்ல உணவும், படுக்கையுமே சிகிச்சை. கியூபெக் மாகாணத்து ஆரோக்கிய விடுதி ஒன்றில் இரண்டு வருஷத்துக்கு மேல் படுத்திருந்தார். அங்கே நோயுற்றவர் பலர் திரும்பவில்லை, இவர் திரும்பினார். 1911-ல் விவாகம் செய்துகொண்டு மீண்டும் வேலைக்குப் புகுந்தார்.

இதற்கிடையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. அம்மாகாணத்து நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சர்க்காருடையது. 1905-ம் வருஷத்தில் அச்சர்க்கார், காட்டில் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், எல்லை காட்டிக் குச்சி நட்டவர் யாராயிருந்தாலும் அதன் மரத்துக்கு இருபத்தொரு வருஷம்வரை புதுப்பித்துக்கொள்ளத்தக்க லைசென்ஸ் பெறலாம் என்றும், அதைப் பிறருக்கு விற்கலாம் என்றும் விதி செய்தது. உடனே நாலாதிசையிலிருந்தும் ஆட்கள் படகேறி வந்து குச்சி நட ஆரம்பித்தார்கள். யேலில் படிக்கும்போதே, 1907-ம் வருஷக் கோடை விடுமுறையில், மாக்மில்லனும் ஒரு கூட்டத்தாருக்காக அக்கரையோரத்தில் மரம் மதிப்பிட்டு எல்லை குறித்தவர்தான். அவ்வருஷக் கடைசியில் சர்க்கார் விழித்துக்கொண்டு மீதிக் காட்டை ஒதுக்கிவைப்பதற்குள் பல ஆயிரம் லைசென்ஸுகள் வெளியே போய்விட்டன. எந்த லைசென்ஸின் எல்லை எதன்மேல் ஏறுகிறது, உள்ளே எத்தனை மரம் நிற்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

இக்குழப்பத்தை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் பயனாக 1912-ல் வனச்சட்டம் நிறைவேறி, வன இலாகா பிறந்தது. அவ்விலாகாவின் முதல் தலைமை வன அதிகாரியாக மாக்மில்லன் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது நிறையவில்லை. சர்க்கார் மரத்தைப் போட்டி ஏலத்தில் விற்பது, வெட்டிய மரத்தை உத்தியோகஸ்தர் அளந்து கணக்கிடுவது, மர முதலாளிகளும் சர்க்காரும் சேர்ந்து நிதி சேர்த்துக் காட்டுத்தீக் காவல் வைப்பது, காட்டை ஜில்லாக்களாகப் பிரித்துப் படித்த அதிகாரிகளை அமர்த்துவது முதலிய யாவும் அவர் காலத்தில் வேர்கொண்டன. ஸ்தாபனம் புதியது, வேலைக்காரரும் வாலிபர். அவர்களில் வான்டூசன் என்பவர் பின்னால் மாக்மில்லனின் கூட்டாளியாகி ஆயுள் முழுதும் உடனிருந்தார்.

உலகச் சுற்றுப்பயணம்

1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. கப்பல்கள் யுத்தத்துக்கு இழுக்கப்பட்டன. அம்மாகாணத்து மரம் கரையில் கிடந்தது. 1915-ல் மத்திய சர்க்கார் மாக்மில்லனை மர வியாபாரத்துக்கென்று விசேஷத் தூதராக நியமித்து உலகைச் சுற்றிவர அனுப்பிற்று. பிரிட்டன், ஐரோப்பா, தென் ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களுக்குச் சென்று, எங்கே எந்த மரம் எந்த வேலைக்கு வேண்டியிருக்கிறது, யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்று விசாரித்தார்.

அவர் கண்டறிந்த விஷயம் ஒரே வாக்கியத்தில் அடங்கும். கானடா மரத்தைக் கடல் கடந்து விற்பவர் கானடாக்காரர் அல்லர், அமெரிக்கத் தரகர்களே. ஸான் பிரான்ஸிஸ்கோ போன்ற துறைமுகங்களிலிருந்த தரகர்கள் முதலில் தங்கள் நாட்டு ஆலைகளின் மரத்தை விற்பார்கள். போதாமற்போனால் வடக்கே ஆளனுப்பிக் கானடாவில் வாங்கிக்கொள்வார்கள். வாங்குபவனுக்கு அது எந்த நாட்டு மரம் என்பதே தெரியாது. மண்டிக்காரன் பெயரில் மூட்டை போகும்போது விளைவித்தவன் பெயர் மறைந்துபோவது இந்நாட்டு விவசாயிக்குப் புதிதல்ல. பெரிய கானடா ஆலைகளின் முதலாளிகளும் அதையே விதியென்று எண்ணியிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் அவர் வெகுகாலம் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கவில்லை. வான்கூவர் தீவில் செமைனஸ் என்னும் ஊரிலிருந்த பெரிய மர அறுவை ஆலையில் உதவி மானேஜராகச் சேர்ந்தார். ஆலைத் தலைவருக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. சில மாதங்களில் விலகிக்கொண்டார். விலகும்போது, இனி இவ்வாலைக்குள் வந்தால் உடையவனாகத்தான் வருவேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1940-களின் நடுவில் அவ்வாலை அவர் கம்பெனி வசமாயிற்று என்பது உண்மை.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஆகாயவிமானச் சட்டங்களுக்கு ஸிட்கா ஸ்புரூஸ் என்னும் மரம் அவசரமாக வேண்டியிருந்தது. கனம் குறைந்தும் வலிமை மிகுந்தும் நார் நேராகவும் உள்ள மரம் அது. வடகரைத் தீவுகளில் அதை வெட்டுவித்து அனுப்பும் வேலையில் மாக்மில்லன் உதவி டைரக்டராக இருந்தார். அவ்வேலையில் ஊர் ஊராய்ச் சிறு மரவெட்டிகள் ஒவ்வொருவரையும் நேரில் அறிந்துகொண்டார். அறிமுகமே பின்னால் மூலதனமாயிற்று.

மரமில்லாத மர வியாபாரி

1919-ல் லண்டன் மர வியாபாரி மாண்டேகு மேயர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து வான்கூவர் நகரத்தில் எச். ஆர். மாக்மில்லன் எக்ஸ்போர்ட் கம்பெனி தொடங்கினார். மேயர் யுத்த காலத்தில் பிரிட்டிஷ் சர்க்காருக்கு மரம் வாங்கிக் கொடுத்தவர். அங்கே வாங்குபவர்களை அவர் அறிவார். இங்கே வெட்டுபவர்களை இவர் அறிவார். கம்பெனிக்குக் காடு கிடையாது, ஆலை கிடையாது, கப்பலும் கிடையாது. வான்டூசன் ஆபீஸைப் பார்த்துக்கொள்ள, மாக்மில்லன் ஊர் சுற்றினார்.

அக்காலத்து ஏற்றுமதி வியாபாரத்தின் போக்கைச் சற்று விளக்கினால்தான் இதன் சிரமம் புரியும். ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ ஒரு கப்பல் மரம் அனுப்பவேண்டுமானால், இன்ன கனத்தில், இன்ன நீளத்தில், இன்ன தரத்தில் என்று ஐம்பது வகை இருக்கும். ஒரே ஆலை அவ்வளவையும் குறித்த நாளில் அறுத்துத் தர இயலாது. பத்து ஆலைகளில் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றும் தாமதமின்றித் துறைமுகத்துக்கு வரும்படி பார்க்கவேண்டும். கப்பல் ஒருநாள் காத்திருந்தாலும் தண்டம். விலை பேசிய நாளுக்கும் ஏற்றும் நாளுக்கும் இடையில் கப்பல் கூலி ஏறினால் லாபம் முழுதும் அதிலேயே போய்விடும். ஆகவே கப்பல் கூலி தம் கையில் இருக்கவேண்டும் என்று கருதி, 1924-ல் கானடியன் டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்று ஒன்று ஏற்படுத்திக் கப்பல்களை வாடகைக்குப் பிடித்தார். கூலி மலிந்த காலத்தில் பிடித்து, ஏறிய காலத்தில் பயன்படுத்தினார். 1923-ல் ஜப்பானில் பெரும் பூகம்பம் நேர்ந்து தோக்கியோ நகரம் எரிந்தபோது, வீடு கட்ட மரம் வேண்டிப் பசிபிக் கரை முழுதும் ஆர்டர்கள் வந்து குவிந்தன. 1932-ல் ஆட்டவா மாநாட்டில் சாம்ராஜ்யத்து நாடுகளின் சரக்குக்குப் பிரிட்டனில் வரிச்சலுகை ஏற்பட்டதும் கானடா மரத்துக்கு அங்கே பெருவழி திறந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் அக்கம்பெனியின் அஸ்திவாரம் பிறர் ஆலைகளின்மேல் நின்றது என்பதை மறக்கலாகாது. 1935-ல் அது ஆட்டங்கண்டது. இத்தரகர் நம் மரத்தை விற்றுப் பெருத்துப்போனார், நாமே விற்றாலென்ன என்று ஆலைக்காரர்கள் கூடி ஸீபோர்டு என்னும் தங்கள் விற்பனைச் சங்கத்தின் வழியாகவே இனி எல்லா ஏற்றுமதியும் என்று கட்டுப்பாடு செய்தார்கள். ஆலைக்காரர் செய்தது அநியாயம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் தரகர் விஷயத்தில் இருபது வருஷத்துக்கு முன் மாக்மில்லன் எடுத்துக்காட்டிய நியாயத்தையே அவர்கள் அவருக்கு எதிராகப் பிரயோகித்தார்கள். கையில் ஆர்டர்கள் உண்டு, கொடுக்கச் சரக்கில்லை. அவர் வேறு வழியின்றி நிற்கும் காட்டையும் அறுக்கும் ஆலைகளையும் விலைக்கு வாங்கத் தொடங்கினார். ஒட்டுப்பலகை ஆலை ஒன்று அதே வருஷத்தில் எழுந்தது. மறுவருஷம் அல்பர்னி என்னும் ஊரிலிருந்த ஆலையும் காடும் கைக்கு வந்தன. வியாபாரி முதலாளியானது பேராசையால் மட்டுமன்று, கழுத்தை நெரித்ததாலும்தான்.

யுத்த சேவை

1940-ல் கானடா சர்க்கார் அவரை மரக் கண்ட்ரோலராக அழைத்துக்கொண்டது. பின்னர் யுத்தத் தேவைகளைக் கணிக்கும் போர்டுக்குத் தலைவராயிருந்தார். மந்திரியோடு மனத்தாங்கலும் நேர்ந்தது. 1941 முதல் சரக்குக் கப்பல் கட்டும் சர்க்கார் ஸ்தாபனத்தின் தலைவராக மான்ட்ரியால் நகரத்திலிருந்து வேலை பார்த்தார். பதினாயிரம் டன் சரக்கேற்றும் கப்பல்கள் யுத்தம் முடிவதற்குள் முந்நூறுக்கு மேல் அத்தேசத்தில் கட்டப்பட்டன. அந்நாட்டில் அதற்கு முன் அத்தகைய தொழில் பெயரளவில்தான் இருந்தது.

கழிவிலிருந்து காகிதம்

மாக்மில்லன் கூழ்த் தொழிலுக்கு வந்தது பிந்தித்தான். காரணத்தை அறிய ஓர் அறுவை ஆலையின் முற்றத்தைக் கற்பனை செய்துகொள்ளவேண்டும். உருண்டை மரத்தைச் சதுரப் பலகையாக்கும்போது ஏறக்குறைய பாதிதான் பலகையாகிறது. மீதிப் பாதி, பட்டையோடு கூடிய ஓரப்பலகையும், துண்டும், தூளும். அக்கரையோரத்து ஆலைகள் யாவற்றிலும் பெரிய கூம்புபோன்ற இரும்புச் சூளை ஒன்று நிற்கும். அதில் இக்கழிவு இரவுபகலாக எரிந்துகொண்டிருக்கும். அதனோடு காட்டிலும் ஒரு கழிவு இருந்தது. டக்ளஸ் பர் மரத்தினிடையே ஹெம்லாக் என்னும் மரம் ஏராளமாக வளர்கிறது. பலகைக்கு விலை குறைவு என்று மரவெட்டிகள் அதைக் களைபோல் எண்ணி அப்படியே விட்டுவிடுவார்கள், அல்லது மேல்மரம் விழும்போது முறிந்து மட்கிப்போகும். அதன் நாரோ கூழுக்கு மிக உகந்தது.

கூழாக்கும் முறைகள் பல இருப்பினும் இரண்டே முக்கியமானவை. ஒன்று, மரத்தைச் சுழலும் கல்லில் அழுத்தி அரைப்பது. இதில் மரத்தின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கூழாகிவிடும். ஆனால் நார் அறுபட்டுப் போவதால் காகிதம் வலுவிராது, வெயிலில் பழுப்பேறும். அன்றாடம் படித்து எறியும் பத்திரிகைக்கு அது போதும். அரைக்க மின்சாரம் மிகுதியாக வேண்டுமாதலால் அவ்வாலைகள் நீர்வீழ்ச்சியை அடுத்தே ஏற்பட்டன. பவல் ரிவர் என்னும் ஊரில் 1912-ல் மேற்குக் கானடாவின் முதல் பத்திரிகைக் காகிதம் உண்டானது அவ்விதமே.

மற்றொன்று ஸல்பேட் முறை. மரத்தை விரலகலச் சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் ஸல்பைடும் கலந்த நீரில், உயரமான இரும்புக் கொப்பரையில் அழுத்தத்தோடு சில மணி நேரம் அவிப்பார்கள். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் கரைந்து கருந்திரவமாகப் பிரிந்துவிடும். நார் அறுபடாமல் நீளமாக நிற்கும். மரத்தின் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவே கூழாகத் தேறும். எனினும் வீணில்லை. கருந்திரவத்தைச் சுண்டவைத்து உலையில் எரித்தால் ஆலைக்கு வேண்டிய நீராவியின் பெரும்பகுதி அதிலிருந்தே கிடைக்கிறது. அடியில் உருகி வழியும் உப்பிலிருந்து மருந்துச் சரக்கையும் மீட்டுக்கொள்ளலாம். அவிக்கும்போது எழும் நாற்றம் மட்டும் ஊர் தாங்காது. கரூரை அடுத்த புகளூரில் 1980-களின் நடுவிலிருந்து கரும்புச்சக்கையில் காகிதம் செய்துவருவதைக் கண்டவர்க்கு, ஒரு தொழிலின் கழிவு மற்றொன்றின் கச்சாப்பொருளாகும் இத்தத்துவத்தைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

1950-ல் நனைமோ நகருக்கருகில் மாக்மில்லன் கம்பெனியின் ஸல்பேட் கூழாலை ஓடத் தொடங்கிற்று. முதலாளியின் பெயரையே சுருக்கி அதற்கு ஹார்மாக் என்று பெயரிட்டார்கள். சூளையில் எரிந்த ஓரப்பலகை சில்லாகிக் கொப்பரைக்குப் போயிற்று. காட்டில் மட்கிய ஹெம்லாக்குக்கு விலை ஏற்பட்டது. அடுத்த வருஷமே புளோடெல், ஸ்டுவர்ட், வெல்ச் என்னும் பெரிய கம்பெனியோடு இணைப்பு நடந்தது. 1960-ல் பவல் ரிவர் கம்பெனியும் சேர்ந்தது. 1966 முதல் மாக்மில்லன் புளோடெல் என்று வழங்கிய இந்த ஸ்தாபனம் கானடாவின் மிகப் பெரிய வனத்தொழில் கம்பெனியாக விளங்கிற்று. மாக்மில்லன் 1956-ல் தலைவர் பதவியை விட்டார். ஆயினும் 1970 வரை டைரக்டர்களில் ஒருவராக இருந்தார்.

யாருடைய காடு?

இனி, ஆரம்பத்தில் குறிப்பிட்ட வழக்குக்கு வருவோம். யுத்தத்தின்போதே மாகாண சர்க்கார் பிரதம நீதிபதி ஸ்லோன் என்பவரை வனநிலை பற்றி விசாரிக்க நியமித்தது. 1945-ல் அவர் கொடுத்த அறிக்கையின் கருத்து, காட்டை இனிச் சுரங்கம்போல் தோண்டியெடுக்காமல் நிலையான விளைச்சல் தரும்படி நடத்தவேண்டும் என்பது. கணக்கு எளிது. எண்பது வருஷத்தில் முதிரும் மரமானால், காட்டை எண்பது பாகமாக்கி வருஷத்துக்கு ஒன்று வெட்டி, வெட்டியதை உடனே மரமாக்கவேண்டும். எண்பத்தோராவது வருஷம் முதல் பாகம் மீண்டும் தயாராயிருக்கும். ஆனால் இக்கணக்கிலேயே ஒரு முள் இருக்கிறது. எண்பது பாகம் வைத்துக்கொள்ள எவ்வளவு பெரிய நிலம் வேண்டும்! எண்பது வருஷம் காத்திருக்க எவ்வளவு முதல் வேண்டும்! 1947-ல் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய கம்பெனிகளுக்கு அவற்றின் சொந்தக் காட்டோடு சர்க்கார் காட்டையும் சேர்த்து நீண்டகால நிர்வாக லைசென்ஸ் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அப்பகுதிகளில் போட்டி ஏலமில்லை.

இதனால் ஏலத்தில் சிறு துண்டு மரமெடுத்துப் பிழைத்த மரவெட்டிகளும் சிறு ஆலைக்காரர்களும் காடில்லாமல் போகலானார்கள். அவர்கள் கூச்சலிட்டதில் வியப்பில்லை. ஸ்லோன் நீதிபதியின் இரண்டாவது விசாரணையில் 1955-ல் மாக்மில்லன் எழுந்து அவர்கள் பக்கம் பேசியதே வியப்பு. நல்ல மரமும் நல்ல நிலமும் சில பெரிய கம்பெனிகளின் கையில் அடங்கினால் அது மாகாணத்துக்குக் கேடு என்றும், சுறுசுறுப்பும் உபாயமும் உள்ள சிறு முதலாளி வர்க்கமே அழிந்துவிடும் என்றும், பெரிய ஸ்தாபனங்கள் காலப்போக்கில் சர்க்கார் ஆபீஸ்போல் மந்தப்பட்டுவிடும் என்றும் அவர் வாதித்தார். அவர் கம்பெனியே லைசென்ஸ் வாங்கியிருந்தது. மேலும் கேட்டுக்கொண்டும் இருந்தது. பிறர் வாங்கினால் தாமும் வாங்காமலிருக்க இயலாது என்பது அவர் நிலை. இதைக் கபடம் என்றவர்களும் உண்டு. பழைய வன அதிகாரியின் மனச்சாட்சி என்றவர்களும் உண்டு. இரண்டிலும் சிறிது உண்மை இருக்கலாம். விதியை எழுதுவது சர்க்காரின் கடமை, விதிக்குள் முந்துவது வியாபாரியின் இயல்பு என்று இரண்டையும் அவர் பிரித்தே வைத்திருந்தார் என்று கொள்வது பொருந்தும்.

பெரிய லைசென்ஸ் பெரிய ஆசையையும் தூண்டும் என்பதற்கும் சான்று கிடைத்தது. வனமந்திரியாயிருந்த ராபர்ட் ஸாமர்ஸ் லைசென்ஸ் விஷயத்தில் லஞ்சம் வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1956-ல் பதவி விலகி, 1958-ல் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் லைசென்ஸ் முறை நின்றது. கம்பெனிகள் மேலும் ஒன்றாய்ச் சேர்ந்து எண்ணிக்கையிற் குறைந்தன.

இவ்விசாரணைகள் எவற்றிலும் ஆதிக்குடிகளின் பாத்தியதை தக்கவாறு பேசப்படவில்லை. அம்மாகாணத்தின் பெரும்பகுதியில் அக்குடிகளோடு எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளாமலே நிலம் சர்க்காருடையது என்று எழுதிக்கொள்ளப்பட்டிருந்தது. காட்டைச் சர்க்கார் வைத்துக்கொள்வதா, கம்பெனிக்குக் கொடுப்பதா என்று இரு தரத்தாரும் வாதாடியபோது, மூன்றாம் தரத்தார் வாசலிலேயே நின்றார்கள். மாக்மில்லனும் அவர் காலத்தாரைப்போல் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிற்காலம்

1944-ல், பொதுமக்களின் நெடுநாள் வேண்டுகோளுக்கு இணங்கி, வான்கூவர் தீவிலுள்ள பழமையான தோப்பு ஒன்றை, ஏறக்குறைய 336 ஏக்கர், கம்பெனி மாகாணத்துக்கு அளித்தது. அங்கே எண்ணூறு வருஷத்து டக்ளஸ் பர் மரங்கள் இருநூற்றைம்பது அடி உயரம்வரை நின்றன. 1947 முதல் அது மாக்மில்லன் பெயரால் மாகாணப் பூங்காவாக விளங்குகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலைக்கு 1965-ல் எண்பது லக்ஷம் டாலருக்கு மேல் நன்கொடை அளித்தார். அங்கே விவசாயமும் வனக்கல்வியும் கற்பிக்க எழுந்த கட்டிடம் அவர் பெயர் தாங்கியது. 1976-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி, தொண்ணூறாம் வயதில், வான்கூவரில் காலமானார். காசநோயாளி எத்தனை நாள் இருப்பான் என்று 1908-ல் ஐயுற்றவர்கள் யாவருக்கும் பின்னால் போனார்.

அவருக்குப் பின் கம்பெனிக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. முதிய காட்டை ஒரு பக்கமிருந்து மொட்டையாக வெட்டிச்செல்லும் முறையைப் பொதுஜனம் பொறுக்காத காலம் வந்தது. 1985-ல் மியர்ஸ் தீவில் மரம் வெட்டுவதை ஆதிக்குடிகள் கோர்ட்டில் தடையுத்தரவு பெற்று நிறுத்தினார்கள். 1993-ல் கிளேயாக்வாட் ஸவுண்டு என்னுமிடத்தில் வழிமறித்த ஜனங்களில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். 1998-ல் கம்பெனி முதிய காட்டில் மொட்டைவெட்டைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. மறுவருஷமே அமெரிக்கக் கம்பெனியாகிய வேயர்ஹவுசர் அதை விலைக்கு வாங்கிவிட்டது. கானடா மரத்தை அமெரிக்கத் தரகர் கையிலிருந்து மீட்கவென்று பிறந்த கம்பெனி எண்பது வருஷத்தில், ஒரு டக்ளஸ் பர் முதிரும் காலத்தில், அமெரிக்கர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

பவல் ரிவர் காகித ஆலை 2021-ல் நின்று 2023-ல் அடியோடு மூடப்பட்டது. பத்திரிகை படிப்போர் காகிதத்தை விட்டதே அதற்குப் பெருங்காரணம். ஹார்மாக் ஆலையின் கதி வேறு. கைமாறி வந்த அவ்வாலை 2008-ல் அப்போதைய உடையவர்கள் திவாலானதால் மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளிகள் ஆளுக்கு 25,000 டாலர் போட்டு, வேறு சில முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு, கோர்ட்டின் மூலம் அதை விலைக்கு வாங்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் கொப்பரைகள் மறுபடி அவியத் தொடங்கின.